கொட்டிலுக்குள் நிற்கும் டீசல் காரை இரும்புக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசியில் ஊருக்கு வந்து நின்ற நேரம், கொக்குவில் பக்கம் பழைய இரும்பு ஏற்றுகிற லொறி ஒன்று காற்றுப் போய் வீதியோரம் நின்றது. அதற்கு மேலே ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார். காஸ் வைத்து நடுவாலே வெட்டி, முன்பாதிக்குள் பின்பாதியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் அதன் டீசல் என்ஜின் தனியாகக் கிடந்தது, டீசலை அளந்து தள்ளுகிற பம்பும், அதிலிருந்து டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சுகிற நோசில்களுக்குப் போகிற நாலு இரும்புக் குழாயும் கழற்றாமல் அப்படியே. லொறியின் ஓரத்தில் ஏறிப் பம்பைத் தடவிப் பார்த்தேன், வெளியிலே துரு என்று ஒன்றும் இல்லை. எங்கே தம்பி எடுத்தது என்று கேட்டேன். "வெளிநாட்டுக்காரற்றை வளவு அண்ணை, கொட்டிலைத் துப்புரவாக்கச் சொல்லிப் போனிலை சொல்லிப்போட்டினம்" என்றான் அந்தப் பொடியன். நிறைக்குத்தான் வாங்கினானாம்.

அந்த வளவுக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. என்னைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பின்வளவில் அப்பாவுடையதோ பெரியப்பாவுடையதோ ஒரு பழைய டீசல் காரை வைத்திருக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன், தயவுசெய்து அதை இரும்புக்குக் கொடுக்காதீர்கள். இருபது முப்பது வருடம் நின்ற கார் என்றாலும் டீசல் என்ஜின் பெரும்பாலும் திரும்ப எழும்பும். அதை எழுப்பத் தெரிந்த கைகள் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு இப்போது எழுபது வயது, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நின்றது 1979ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240டி. வெங்காயமும் புகையிலையும் லொறியில் கொழும்புக்கு அனுப்பி வியாபாரம் செய்த அப்பா, 1982இல் கொழும்பில் ஒருவரிடம் அதைப் பழையதாக வாங்கினார். நாலு சிலிண்டர், 72 குதிரைவலு, அந்தப் பாரத்துக்கு அது மெதுவான கார்தான். ஆனால் கோண்டாவிலில் தாங்கியை நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டால் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் உள்ளே டீசல் இருக்கும். இந்த உடம்போடு, அதாவது இதே வடிவத்தில், 1976க்கும் 1986க்கும் இடையில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்தார்கள், பாதி உலகத்தில் வாடகைக் காராக ஓடியது. இதற்கு முந்திய உடம்பில் வந்த 240டி ஒன்றைக் கிரேக்க நாட்டு வாடகைக் காரோட்டி ஒருவர் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிட்டு 2004இல் கொம்பனியின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். என்ஜின் எப்படிப்பட்டது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1990 ஆனியில் சண்டை மூண்டு பொருளாதாரத் தடை வந்ததும் பெற்றோலும் டீசலும் நின்றுபோயின. பெற்றோல் கார்களான சமர்செட்டையும் மொறிஸ் மைனரையும் துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கதை எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. டீசல் காருக்கு வேறு கரைச்சல். பம்புக்குள் ஏறி இறங்குகிற பிளஞ்சர்களுக்கு வழுவழுப்பைக் கொடுப்பதே டீசல்தான், மண்ணெண்ணெய் மெலிந்தது, தனியே விட்டால் பம்பைத் தேய்த்துவிடும். அப்பா அதற்குள் என்ஜின் ஒயில் கலந்து சில மாதம் ஓடிப் பார்த்திருக்கிறார். பிறகு மனம் கேட்காமல், நாலு பனங்குற்றியை வைத்து அதற்குமேல் காரை ஏற்றி, ரயர்களைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, தகரக் கொட்டில் ஒன்று போட்டு மூடிவிட்டார். நான் அதற்கு முதல் வருடமே ஜேர்மனிக்கு வந்துவிட்டேன், இதெல்லாம் அம்மாவின் கடிதத்தில் வாசித்து அறிந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு எழும்பி நடந்தபோது கார் அங்கேயே நின்றது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் பற்றரி இல்லை, ரயர் நாலும் இல்லை, கொட்டில் தகரம் இல்லை, ஒரு பக்கத்துக் கண்ணாடிகள் இல்லை. என்ஜின் இருந்தது. 2011இல் அப்பா காலமானார், அதற்குப் பிறகு அதைத் தொட ஆள் இல்லை.

இனி நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்து கார் திருத்துகிற முக்கால்வாசிப் பேர் இதே பிழையைத்தான் விடுகிறார்கள். 2018இல் ஒரு கராச்சில் காரைக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். இங்கே வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, எப்போது பெயின்ற் அடிப்பீர்கள், நிறம் பழைய நீலமாகவே வருமா என்று ஒவ்வொரு கிழமையும் கேட்டேன். கேட்டதற்கேற்றபடி அவர்களும் பெயின்ற் அடித்தார்கள். எட்டு மாதமாகப் படம் படமாக வந்தது, கண்ணாடி மாதிரி மினுங்குகிற நீலக் கார், தங்கச்சிமார் எல்லாருக்கும் அனுப்பினேன், அம்மா அழுதுவிட்டா. 2019 மார்கழியில் நேரில் போய், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றைக் கதவுக்குக் கீழே வைத்தேன். ஒட்டவில்லை. முன் சில்லுக்குப் பின்னால், ஜக் போடுகிற இடத்தில், பின் சில்லுக்கு மேலே என்று எங்கே வைத்தாலும் காந்தம் விழுந்தது. உக்கிய தகரத்தை வெட்டி எடுக்காமல் அதற்குமேல் பட்டி என்கிற பள்ளம் நிரப்புகிற பசையை அப்பி, தேய்த்து, பெயின்ற் அடித்திருந்தார்கள். பொனற்றைத் திறந்தால் என்ஜினில் கைவைத்த அடையாளம் இல்லை. தாங்கிக்குள் 1990ஆம் ஆண்டில் மிஞ்சின எரிபொருள் அப்படியே கிடந்தது.

கோபம் வந்ததுதான். ஆனால் நிறத்தைக் கேட்ட நான் ஒருநாளாவது பிறேக் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

பிறகு கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2021இல் மச்சான் ஒருவர் மூலமாக ஒரு மெக்கானிக் அண்ணையிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் இளம் வயதில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் வேலைத்தலத்தில் வேலை பழகியவர், 1990இல் தொழிற்சாலை நிற்கும்வரை அங்கே டீசல் என்ஜின்களோடுதான் கிடந்தார். எங்கள் ஊரில் வயதான டீசல் மெக்கானிக்மாரை விசாரித்துப் பாருங்கள், ஒன்றில் சீமெந்துத் தொழிற்சாலை, இல்லாவிட்டால் கோண்டாவில் பஸ் டிப்போ, இல்லாவிட்டால் யாராவது ஒரு லொறி முதலாளியின் கராச், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுப் போனில் சொன்னது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. "தம்பி, கார் என்ரை வளவிலை நிக்கட்டும். ஆனா நீங்கள் போனிலை நிண்டு திருத்தேலாது. என்ஜின் திறக்கேக்கை ரண்டு கிழமை வந்து எனக்குப் பக்கத்திலை நில்லுங்கோ. அது ஓடி, நிண்டு காட்டும்வரைக்கும் பெயின்ற் கதை கதைக்கக் கூடாது." சம்பளத்தையும் நேரே கேட்டார், சாமான் காசு வேறு, தன்னுடைய நாட்கூலி வேறு, கூலி கிழமைக்குக் கிழமை வரவேண்டும். எனக்கு அது பிடித்தது. மெக்கானிக்குடைய நேரத்துக்குக் காசு கொடுக்காமல் சாமான் காசிலேயே எல்லாத்தையும் அடக்கச் சொல்கிற வழக்கத்தால்தான் பாதி வேலைகள் பட்டியோடு முடிகின்றன என்பது என் எண்ணம்.

2022 மாசியில் லீவு எடுத்துக்கொண்டு போனேன். அந்த இரண்டு கிழமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

டீசல் என்ஜினுக்குப் பிளக்கில் பொறி பறக்கிற வேலை இல்லை, இந்த வயதுக் காரில் கம்பியூட்டர் பெட்டியும் இல்லை. காற்றை 21 மடங்கு அழுத்தினால் வருகிற சூட்டில் டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றும், கதை அவ்வளவுதான். ஆகவே காற்று ஒழுகாமல் இருக்க வேண்டும், டீசல் சுத்தமாக, சரியான நேரத்தில், சரியான அளவில் வரவேண்டும். இரண்டும் இருந்தால் அது ஓடியே ஆகவேண்டும் என்று அண்ணை அடிக்கடி சொல்வார். எங்கள் என்ஜின் இறுகிப்போய் நின்றது. ஸ்ராட் பண்ண முதல் சிலிண்டருக்குள் சூடேற்றுகிற ஹீற்றர் பிளக் நாலையும் கழற்றினார். கழற்றிய உடனே ஒன்றைக் கையில் வைத்துப் புரியைப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். புரியில் கிறீஸ் காய்ந்து ஒட்டியிருந்தது. "கொப்பர் இதைச் சும்மா விடேல்லை தம்பி, பிறகும் கழட்டி ஒயில் விட்டிருக்கிறார்" என்றார். அம்மாவிடம் கேட்டேன். ஓம், மழைக்காலம் முடிய வருடத்தில் ஒருநாள் கொப்பர் அங்கே போய் எண்ணெய் விட்டு ஏதோ திருப்பிக்கொண்டு நிற்பார் என்றா. அந்த ஒயில்தான் 2011 வரைக்கும் அந்த என்ஜினைக் காப்பாற்றியது.

அந்த நாலு ஓட்டையாலும் என்ஜின் ஒயிலும் கியர் ஒயிலும் டீசலும் கலந்து விட்டோம். பிறகு காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, என்ஜினின் முன்பக்கத்து 27 மில்லிமீற்றர் நட்டில் சாவியைப் போட்டு மெல்லமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். நீட்டுக் குழாய் போட்டு நெம்பலாமே என்றேன். நெம்பினால் பிஸ்ரன் றிங் முறியும், பிறகு என்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்றார். ஒன்பதாம் நாள் காலையில் சாவி இரண்டு விரல் அளவு அசைந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை, தேன் போத்தல் மூடி விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு இளக்கம், அவ்வளவுதான். பின்னேரம் அரைச் சுற்று. அடுத்த நாள் முழுச் சுற்று வந்தபோது ஓட்டைகளால் கறுப்பு ஒயில் பீச்சி அவருடைய சேட்டும் என்னுடைய சேட்டும் நனைந்தது.

தாங்கியைக் கழுவினது தனி வேலை. நின்ற டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கும், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளி மாதிரிப் படியும். எங்கள் தாங்கியில் இருந்து வந்தது பனங்கட்டிப் பாகின் பதத்தில் இருந்தது, நாற்றம் கையில் மூன்று நாள் நின்றது. தாங்கியின் அடியில் வலை போட்ட ஒரு நட் இருக்கிறது, அதற்கேற்ற சாவி எங்கேயும் கிடைக்காமல் லேத்தில், அதாவது இரும்பு கடைகிற பட்டறையில், கொடுத்துச் செய்வித்தார். இந்த வலையைக் கழுவாமல் புது பில்ரர் மாற்றி மாற்றிப் போட்டு, கார் நடுவீதியில் நிற்கிறது என்று சொல்கிறவர்கள் பலர்.

பம்பைப் பட்டணத்தில் ஒரு பம்ப் றூமுக்குக் கொண்டுபோனோம். நான் அந்த மாதிரி ஓர் இடத்துக்குள் முன்பு போனதில்லை. மேசையில் பம்பைப் பூட்டி மோட்டரால் சுற்றுவார்கள், நாலு சிலிண்டருக்கும் போகிற டீசல் நாலு கண்ணாடிக் குழாய்க்குள் விழும். முதல் தரம் மூன்றாவது குழாய் முக்கால்தான் நிரம்பியது. அங்கே இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிச் சாறத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு, சின்னத் திருப்பம் ஒன்று, திரும்ப ஓட்டம், திரும்ப ஒரு திருப்பம் என்று ஒன்றரை மணித்தியாலம் நின்றார். கடைசியில் நாலு குழாயும் ஒரே மட்டம், நூல் பிடித்த மாதிரி. நோசிலையும் பார்த்தார், 115 பார் அழுத்தத்தில் திறந்து பனிப்புகார் மாதிரிப் பீச்சவேண்டும், சொட்டினால் கறுப்புப் புகைதான். இரண்டு நோசில் சொட்டியது. அவருக்கும் எழுபது கடந்துவிட்டது. அந்த வேலையைப் பழக அவரிடம் ஒரு பொடியனும் இல்லை, புதிய வாகனங்களுக்கு எல்லாம் வேறு முறை வந்துவிட்டதாம், இந்தப் பம்புகள் வருவது குறைவாம்.

ஹீற்றர் பிளக் விசயத்தில் இங்கே ஒரு பழைய ஜேர்மன் மெக்கானிக் சொல்லித்தந்தது உதவியது. 1980க்கு முந்திய இந்த என்ஜின்களில் நாலு பிளக்கும் ஒன்றோடொன்று தொடராகக் கோர்த்திருக்கும், பழைய கலியாண வீட்டு மின்குமிழ்ச் சரம் மாதிரி. ஒன்று எரிந்தால் நாலுக்கும் கரண்ட் இல்லை. அதனால் நாலையும் எறியாமல், ஒவ்வொன்றாக ஒரு துண்டு வயரால் தாண்டிப் பார்த்தால் பழுதானது எது என்று பிடிபடும். யாழ்ப்பாணத்து வெயிலிலும் இந்த என்ஜின் காலையில் பிளக் சூடாகாமல் எழும்பாது.

நான் திரும்பி வந்த சில கிழமைகளிலேயே நாடு இருந்த நிலை வாசகர்களுக்குத் தெரியும். கரண்ட் இல்லை, வெல்டிங் இல்லை. ஆனி மாதக் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது, அதுவும் வரிசையில் நின்றால்தான். அண்ணை ஐந்து மாதம் காரைத் தொடவில்லை. கிழமைக் கூலியை நிறுத்தட்டோ என்று கேட்டார், நான் பாதியை அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கணக்கில் எழுதி வைத்துப் பிறகு வேலையாகக் கழித்தார்.

பிறகு பிறேக். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிறேக், நாலிலும் பிஸ்ரன் இறுகிப்போயிருந்தது. றப்பர் ஹோஸ் வெளியிலே பார்க்க நல்லாக இருக்கும், உள்ளே வீங்கி ஊசித் துவாரம் அளவுக்குத்தான் வழி இருக்கும், மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. பழைய காரில் பிறேக் ஹோஸைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மாற்றுங்கள். அதற்குப் பிறகு முதல் கராச் அடித்த பட்டி எல்லாவற்றையும் சுரண்டி, உக்கின தகரத்தை வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்ட் பண்ணினார்கள். ஒரு பக்கத்துப் படிக்கு அடியில் மட்டும் இரண்டு கிலோவுக்குக் குறையாத பட்டி விழுந்தது.

சீற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளித் தோல் மாதிரி இருக்கிற துணி அப்படியே கிடந்தது, கழுவினதும் வந்துவிட்டது. உள்ளே கறையான் முழுதாகத் தின்றிருந்தது. இந்தக் கார்களின் சீற்றுக்குள் ஜேர்மன்காரர் வைத்தது றப்பர் பால் ஊற்றி இறுக்கின தென்னந்தும்பும் மயிரும். அதை இங்கே தேடினால் விலை கேட்கேலாது. அண்ணை சிரித்துவிட்டு, மெத்தைக் கடையில் தும்பு மெத்தை ஒன்று வாங்கிவந்து, பழைய அச்சைப் பார்த்து வெட்டி அடுக்கினார். இப்போது அதில் ஏறி இருந்தால் ஸ்பிரிங் அமர்கிற விதம் சின்ன வயதில் இருந்த அதே மாதிரி.

சாமான் எங்கே வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் பில்ரர், பெல்ற், பெயறிங், ஹோஸ் போன்றவை யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை. ஹீற்றர் பிளக், கதவு றப்பர், பம்புக்குள் போகிற சின்ன வளையங்கள் மட்டும் இங்கிருந்து கொண்டுபோனேன். பென்ஸ் கொம்பனி பழைய கார்களுக்கென்றே ஃபெல்பாக் நகரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது, எசன் நகரில் வருடாவருடம் நடக்கிற பழைய கார்ச் சந்தையிலும் தட்டுப்பாடில்லை. பயணப் பொதி 30 கிலோ என்றால் சொக்கிளேற்றைக் குறையுங்கள். கனமான இரும்பு ஒன்றையும் இங்கே வாங்காதீர்கள், ஊரில் லேத்தில் செய்து தருவார்கள்.

காசு செலவழிக்க முதல் கடதாசியைப் பாருங்கள், இதை நான் மிகவும் பிந்தித்தான் செய்தேன். கார் அப்பாவின் பெயரில். அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் கையெழுத்து, பிள்ளைகள் எல்லாரின் சம்மதம், அதில் ஒரு தங்கச்சி கனடாவில், நான் இங்கே, எங்களுக்காக வேறொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் ஆளுக்கொன்று தூதரகத்தில் எழுதி அனுப்ப வேண்டி வந்தது. என்ஜின் இலக்கமும் அடிச்சட்ட (சசி) இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். இடையில் யாராவது வேறு என்ஜின் மாற்றியிருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு காப்புறுதி, புகைப் பரிசோதனை, வரிப் பத்திரம். புகைப் பரிசோதனையில் முதல் தரம் தவறிவிட்டது, காற்று பில்ரரை மாற்றி நோசிலைத் திரும்பப் பார்த்து இரண்டாம் தரம் தேறியது.

புகை என்றதும் சிலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்திவிட்டது. தினமும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்க இந்தக் காரைப் பாவியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுடையது கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் ஓடுகிறது, மாதத்தில் ஒருமுறை அண்ணை பருத்தித்துறை வரை கொண்டுபோய் வருவார். ஜேர்மனியில் 2008இல் இருந்து பல நகரங்களுக்குள் பழைய டீசல் வாகனம் நுழையக் கூடாது. அதே நாட்டில்தான் 30 வயது கடந்து, பழைய நிலை மாறாமல் பேணின வாகனத்துக்கு 1997 முதல் இலக்கத் தகட்டின் முடிவில் எச் என்ற எழுத்தைக் கொடுத்து, அந்தத் தடையில் விலக்கும் கொடுத்து, வருடம் 192 யூரோ அளவில் ஒரே வரியோடு விடுகிறார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு ஒழுங்கு வரவேண்டும். வெட்டிவிட்டு வேறு ஒன்று கொண்டுவரலாம் என்றும் நினைக்காதீர்கள், வயது கடந்த காரை இங்கிருந்து கப்பலில் ஏற்றி இலங்கைக்குள் இறக்கச் சட்டம் சாதாரணமாக விடாது. 2020 பங்குனியில் இருந்து ஐந்து வருடம் புதுக் காரே இறங்கவில்லை.

2024 தைப்பொங்கலுக்கு முதல் நாள் அண்ணை வீடியோவில் கூப்பிட்டார். நான் வேலையில் நின்றேன், கழிவறைக்குள் போய் எடுத்தேன். கைப் பம்பை அமத்தி அமத்தி டீசல் லைனில் இருந்த காற்றை எடுத்தார், கடைசிக் குமிழி போகும்வரை. பிளக் சூடாக விட்டார். முதல் தரம் சுற்றிவிட்டு நின்றது. இரண்டாம் தரம் ஒரு சிலிண்டர் மட்டும் அடித்தது, பிறகு இரண்டு, வெள்ளைப் புகை கொட்டிலை மூடியது, பிறகு நாலும் சேர்ந்து அந்தப் பழைய கடகடவென்ற சத்தம். அம்மா பின்வாசலில் நின்றபடி, "அது கொப்பற்றை கார்தான்" என்றா. போனில் தெளிவாகக் கேட்டது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டு முடிக்கிறேன். பம்ப் றூம் பெரியவரைப் போன்றவர்கள், சீமெந்துத் தொழிற்சாலையிலும் டிப்போவிலும் வேலை பழகின மெக்கானிக்மார், இவர்களைத் தேடிப்போய் உங்கள் நிருபர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதமாட்டார்களா? தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் படிக்கிற பிள்ளைகள் கிழமையில் ஒருநாள் அவர்களிடம் போய் நிற்க ஒரு ஒழுங்கு செய்ய யாராவது முன்வந்தால், ஒரு பிள்ளைக்குரிய போக்குவரத்தும் சாப்பாடும் என்னுடைய செலவு. மற்றது, என்னிடம் 1980க்கு முந்திய 240டிக்குரிய ஹீற்றர் பிளக் ஒரு செற்றும், பின் கதவு றப்பர் இரண்டும் மிச்சம் இருக்கின்றன. அண்ணையின் வளவில்தான் வைத்திருக்கிறது. யாராவது அதே காரைத் திருத்த நினைத்தால் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள், உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கோண்டாவில் வாசகர் ஒருவர்,
தற்போது டோர்ட்முண்ட், ஜேர்மனி.